பின்வாசலிலிருந்து வரையத் தொடங்குங்கள்: அறிவியல் அருங்காட்சியகக் கட்டடம் கற்றுத்தரும் பாடங்கள்

அறிவியல் அருங்காட்சியகம் கட்டப்போகிறோம் என்றதும் எல்லோருடைய கையும் முதலில் வரைவது முகப்பைத்தான். ராக்கெட் போல ஒரு கோபுரம், கண்ணாடி உருண்டை, அணுவின் சுற்றுப்பாதை மாதிரி ஒரு கூரை. திறப்பு விழாப் படங்களில் அது அழகாகத்தான் இருக்கும். திறந்து இரண்டு வருடம் கழித்து அங்கே வேலை செய்பவர்களிடம் பேசிப் பாருங்கள். முகப்பைப் பற்றி ஒரு வார்த்தை வராது. சரக்குக் கதவு குறுகல், லிஃப்ட்டில் பெட்டி நுழையவில்லை, தரையில் பிளக் இல்லை, சத்தம் தாங்கவில்லை, பட்டறைக்கு ஜன்னலே இல்லை என்றுதான் வரும்.

இதற்கு அடிப்படைக் காரணம் ஒன்று. கட்டடம் 50, 60 வருடம் நிற்கும். உள்ளே இருக்கும் காட்சி அமைப்புகளின் ஆயுள் 10 வருடம், திரையும் கணினியும் கலந்தவை என்றால் 5 வருடம்கூடத் தாங்காது. ஆக, ஒரே கட்டடத்துக்குள் குறைந்தது ஐந்து முறை முழு வீடு மாற்றும் வேலை நடக்கப்போகிறது. கலை அருங்காட்சியகத்தில் ஓவியத்தைக் கழற்றி வேறு ஓவியம் மாட்டினால் முடிந்தது. இங்கே தண்ணீர்த் தொட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காற்றுச்சுரங்கம் வைப்பார்கள். அதற்கு வடிகால், மின்சாரம், தரையின் பலம், கூரைக் கொக்கி எல்லாமே மாறும். அதனால் இதை மாளிகையாக நினைக்காமல், பார்வையாளர்களை உள்ளே விடும் ஒரு பெரிய பட்டறையாக நினைத்து வரைந்தால் பாதித் தவறுகள் தானாகக் குறையும்.

1969இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் தொடங்கிய எக்ஸ்ப்ளோரட்டோரியம் இதற்கு நல்ல சாட்சி. 1915ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்காகக் கட்டிய, குகை மாதிரி நீண்ட ஒரு கூடம்தான் அதன் முதல் வீடு. அலங்காரம் கிடையாது, உயரம் உண்டு, தடுப்பில்லாத தரை உண்டு. காட்சிகளைச் செய்யும் பட்டறையைப் பார்வையாளர் கண்ணில் படும்படியே வைத்தார்கள். 2013இல் துறைமுகக் கிடங்குக்கு இடம் மாறியபோதும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. இன்று உலகெங்கும் 'தொட்டுப் பார்' வகை மையங்கள் பின்பற்றும் எத்தனையோ காட்சிகள் பிறந்தது அந்தச் சாதாரணக் கூடத்தில்தான்.

சரக்கு வரும் வழி

முதல் நாளே ஒரு பெட்டியை வரைந்துகொள்ளுங்கள்: 2.4 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம், 6 மீட்டர் நீளம். சிறிய கப்பல் கன்டெய்னரின் உள்ளளவு ஏறத்தாழ இதுதான். ஊர் ஊராகப் போகும் சுற்றுலாக் கண்காட்சிகள் பெரும்பாலும் இந்த அளவுக்கு அடங்கும்படிதான் பெட்டியில் கட்டி வருகின்றன. லாரி நிற்கும் மேடையிலிருந்து கடைசிக் காட்சிக்கூடம் வரை இந்தப் பெட்டியைக் காகிதத்தில் நகர்த்திப் பாருங்கள். எந்தக் கதவில் முட்டுகிறது, எந்தத் திருப்பத்தில் மூலை இடிக்கிறது, எந்த இடத்தில் தீயணைக்கத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரிங்க்ளர் குழாய் தொங்குகிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். சாய்தளத்தையும் சேர்த்துப் பாருங்கள். மேலே ஏறும் இடத்தில் பெட்டியின் மேல் விளிம்பு எதிர்பார்த்ததைவிட உயரமாகத் தூக்கிக்கொள்ளும். கதவின் நிலையில் இடிப்பது அங்கேதான்.

கதவு 3.5 மீட்டருக்கு 4 மீட்டர் இருந்தால் நிம்மதி. மேல்தளத்திலும் காட்சிக்கூடம் உண்டு என்றால் சரக்கு லிஃப்ட்டின் உள்ளளவு 3 மீட்டருக்கு 6 மீட்டர், தாங்கும் எடை 5 டன் என்று கேளுங்கள். 'அவ்வளவு பெரிய லிஃப்ட்டா?' என்று செலவைக் குறைக்கும் கூட்டத்தில் முதலில் கத்தி வைப்பது இதன் தலையில்தான். விட்டுக்கொடுத்தால் அடுத்த 50 வருடமும் ஒவ்வொரு பொருளையும் துண்டு துண்டாக வெட்டி ஏற்றி, மேலே போய் ஒட்டவேண்டியிருக்கும்.

சரக்கு வழி பார்வையாளர் வழியைக் குறுக்கே வெட்டக்கூடாது. வெட்டினால் எல்லா வேலையும் இரவில்தான் செய்யமுடியும். கூலி ஏறும், களைப்பில் பொருள் உடையும்.

வரைபடத்தில் யாருமே காட்டாத ஓர் அறை இருக்கிறது: காலிப் பெட்டிகள் வைக்கும் அறை. 800 சதுர மீட்டர் சுற்றுலாக் கண்காட்சி ஒன்று வந்து இறங்கினால், பிரித்த பெட்டிகளை அடுக்கவே 200 முதல் 250 சதுர மீட்டர் வேண்டும். அவற்றைத் தூக்கிப் போட முடியாது, நான்கு மாதம் கழித்து அதே பெட்டியில்தான் பொருள் திரும்பிப் போகவேண்டும். அறை இல்லையென்றால் அவை தீயணைப்பு வெளிவழியில் போய் உட்காரும், அல்லது வெளியில் தார்ப்பாய்க்குக் கீழே மழையில் ஊறும்.

கண்டுபிடிப்புகளைக் காட்டும் அருங்காட்சியகத்தில் இதற்கும் மேலே ஒரு சிக்கல் உண்டு. சில பொருட்கள் எந்தக் கதவிலும் நுழையாது. சிகாகோவின் அறிவியல் தொழில்துறை அருங்காட்சியகத்தில் உள்ள யு-505 நீர்மூழ்கிக் கப்பல் சுமார் 77 மீட்டர் நீளம், ஏறத்தாழ 700 டன் எடை. 1954 முதல் வெளியே வெயிலிலும் பனியிலும் நின்று துருவேறிய அதை, 2004இல் நிலத்தடியில் பள்ளம் எடுத்து, இறக்கி வைத்து, பிறகுதான் அதன்மேல் கூரை போட்டார்கள். ரயில் எஞ்சின், விமானம், நீராவி யந்திரம் என எது வந்தாலும் இதே வரிசைதான். பொருளை முதலில் வை, சுவரைப் பிறகு எழுப்பு. ஒரு சுவரையாவது கழற்றக்கூடிய பேனலாக விட்டுவைப்பதும் புத்திசாலித்தனம்.

தரை

பொதுமக்கள் கூடும் இடங்களுக்குச் சதுர மீட்டருக்கு 500 கிலோ என்ற அளவில் தளத்தைக் கணக்கிடுவது வழக்கம். மனிதர்களுக்கு அது போதும், யந்திரங்களுக்குப் போதாது. மேல்தளங்களில் 750 கிலோ, தரைத்தளத்தின் கனரகப் பகுதியில் 1500 கிலோவுக்குக் குறையாமல் கேளுங்கள். எஞ்சினியர் கூரைத் தளத்துக்கும் இதே எண்ணைக் கொடுத்துவிட்டால் செலவு எகிறும். அதனால் எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்று வரைபடத்தில் நிறம் தீட்டிக் கொடுப்பது நல்லது.

பரவலான எடையைவிடப் புள்ளி எடைதான் அதிகம் கெடுக்கிறது. கூரையில் விளக்கு மாற்றக் கத்தரி லிஃப்ட் (கத்தரிபோல் விரிந்து ஆளை மேலே தூக்கும் யந்திரம்) வரும். இரண்டு டன் எடை, நான்கே சின்னச் சக்கரங்கள். உயர்த்திய பேனல் தரை போட்டிருந்தால் ஒரு சக்கரத்துக்கு அரை டன்னுக்கு மேல் இறங்கும். பேனல் மூலை அமுங்கி, அடுத்த நாள் அங்கே குழந்தை தடுக்கி விழும். பேனல் தரையேதான் வேண்டும் என்றால் லிஃப்ட்டின் சக்கர எடையைச் சொல்லித் தேர்ந்தெடுக்கவேண்டும். எங்கள் பரிந்துரை கான்கிரீட் தரை, அதில் மூடியிட்ட கால்வாய்கள்.

பிளக் விஷயத்தில் கணக்கு எளிது. தரைப்பெட்டிகளை 3 மீட்டருக்கு 3 மீட்டர் சதுரமாக வைத்தால், கூடத்தின் எந்த மூலையிலிருந்தும் அருகிலுள்ள பெட்டி 2.1 மீட்டருக்குள் இருக்கும். ஒரு காட்சி மேசையின் அகலமே ஒன்றரை மீட்டர் என்பதால் வயர் வெளியே தெரியாது. இதையே 6 மீட்டராக விரித்தால் தூரம் 4.2 மீட்டராகிவிடும். பிறகு தரையெங்கும் வயரும் அதன்மேல் ஒட்டிய மஞ்சள் டேப்பும்தான். ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு மின்சுற்று: ஒன்று இரவில் அணைவது, இன்னொன்று அணையாதது. மீன்தொட்டி, தாவரக் காட்சி, கணினி எல்லாம் இரண்டாவதில். இதைப் பிரிக்காமல் விட்ட இடங்களில் இரவுக் காவலர் மெயினை அணைத்ததும் காலையில் பிரச்சினை காத்திருக்கும். மொத்த மின்தேவையைக் காட்சிகளுக்கு மட்டும் சதுர மீட்டருக்கு 50 வாட் என்று ஒதுக்குங்கள். விளக்கும் ஏசியும் தனிக் கணக்கு.

தண்ணீர்க் காட்சிகளுக்குத் தரைத்தளத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, அங்கேயே சம்ப், பம்ப், வடிகட்டி அறை எல்லாவற்றையும் வைத்துவிடுங்கள். தளச்சரிவு 100க்கு 1. வடிகாலை நடுவில் வைக்காமல் தொட்டியைச் சுற்றி வைப்பது நல்லது, குழந்தைகள் தண்ணீரை வெளியே அடிப்பது எப்போதும் சுற்றளவில்தான். மூடுபனி தெளிக்கும் காட்சிகளில் தேங்கிய வெதுவெதுப்பான நீர் கடும் நிமோனியாவைத் தரும் லெஜியோனெல்லா கிருமிக்குத் தோதான இடம். முழுவதும் வடித்துக் கழுவும்படி குழாயமைப்பு இருக்கவேண்டும். அதை எட்டிப் பார்க்கவே முடியாத பள்ளத்தில் புதைத்துவிட்டால் யாரும் கழுவ மாட்டார்கள். குளோரின் வாடையில் பக்கத்துக் கூடத்தின் மின்னணுப் பலகைகள் அரிக்கும் என்பதால் இந்த மூலைக்குத் தனிக் காற்றோட்டம் கொடுங்கள்.

தரை அதிர்வு பற்றி ஒரு சொல். தூணில்லாத நீண்ட தளங்களின் இயல்பதிர்வு 4, 5 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 4, 5 முறை) அளவுக்கு இறங்கிவிடும். குழந்தைகள் குதிப்பது விநாடிக்கு இரண்டு, மூன்று முறை. அதன் இரட்டை அதிர்வெண் நேராகத் தளத்தோடு போய்ப் பொருந்திக்கொள்ளும். ஆபத்து இல்லாவிட்டாலும், அதே தளத்தில் வைத்த நுண்ணோக்கியில் எதுவும் நிற்காது. குதிக்கும் காட்சிகள் தரைத்தளத்தில், நுண்ணோக்கி தூணுக்குப் பக்கத்தில்.

கூரை, சத்தம், வெளிச்சம்

தூண் இடைவெளி 9 மீட்டர் போதுமானது, 12 மீட்டர் என்றால் தாராளம். வெறும் உயரம் 5 முதல் 6 மீட்டர். அதற்குமேல் தேவைப்படுவது ஒன்றிரண்டு பெரிய கூடங்களுக்கு மட்டும்தான். எல்லாவற்றையும் 12 மீட்டர் உயர்த்தினால் குளிரூட்டும் செலவு கூரைவரை போகும். ஃபால்ஸ் சீலிங் போடாதீர்கள். திறந்த கூரையில் 3 மீட்டருக்கு ஒரு கொக்கி, ஒவ்வொன்றும் 250 கிலோ, நான்கைந்து இடங்களில் மட்டும் 2 டன். ஒவ்வொரு கொக்கிக்கும் பக்கத்தில் தாங்கும் எடையை பெயின்டால் எழுதிவிடுங்கள். வரைபடம் தொலைந்துபோகும், பெயின்ட் இருக்கும்.

சத்தத்தை யாரும் வரைவதில்லை, எல்லோரும் அனுபவிக்கிறார்கள். ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரமுள்ள கூடம். கன அளவு 3600 கன மீட்டர். தரை 600, கூரை 600, நான்கு சுவரும் சேர்த்து 600 என மொத்தப் பரப்பு 1800 சதுர மீட்டர். எல்லாமே கான்கிரீட், பூச்சு, டைல்ஸ் என்றால் ஒலியை உறிஞ்சும் திறன் சராசரியாக 0.05தான். 1800ஐ 0.05ஆல் பெருக்க 90 கிடைக்கும். சபைன் சூத்திரப்படி 0.161ஐக் கன அளவால் பெருக்கி இந்த 90ஆல் வகுத்தால் எதிரொலி அடங்க 6.4 விநாடி. பெரிய மண்டபத்தில் கைதட்டினால் கேட்கும் முழக்கம் அது. அந்தக் கூடத்தில் 100 பிள்ளைகள் பேசினால், ஒருவர் குரல் மற்றவர் குரலை மூட, எல்லோரும் இன்னும் உரக்கப் பேச, பத்து நிமிடத்தில் ஆசிரியருக்குத் தலைவலி.

இப்போது கூரையில் மட்டும் 0.8 திறனுள்ள உறிஞ்சு பொருளைப் போடுங்கள். கூரை 480, மற்றவை 60, ஆக 540. நேரம் 1.07 விநாடியாகச் சுருங்குகிறது. ஒரே ஒரு பரப்பை மாற்றியதன் பலன் இது. கொக்கிகளை மறைக்காமல் இதைச் செய்ய வழி உண்டு: உறிஞ்சு பலகைகளைப் படுக்கையாகப் பரப்பாமல் துணி காயப்போட்டதுபோல் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். இரண்டு பக்கமும் உறிஞ்சும், நடுவில் கையை விட்டுக் கொக்கியைத் தொடலாம். ஸ்ப்ரிங்க்ளரின் தண்ணீர் கீழே இறங்க இடைவெளி விட்டிருக்கிறதா என்பதை மட்டும் தீயணைப்பு ஆலோசகரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். இதைச் செய்யாமல் 'திசை ஒலிபெருக்கி வாங்கினால் சரியாகிவிடும்' என்று நினைப்பவர்கள் உண்டு. எதிரொலிக்கும் அறையில் எந்தத் திசை ஒலிபெருக்கியும் சாதாரண ஒலிபெருக்கிதான்.

வெளிச்சத்தில் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு உள்ளேயே முரண்பாடு இருக்கிறது. ஒளியியல் காட்சிக்கு இருட்டு வேண்டும், சூரிய மின்பலகைக்கு வெயில் வேண்டும், பழைய கையெழுத்துப் பிரதிக்கும் துணிக்கும் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு) மேல் கூடாது, உலோக யந்திரத்துக்கு எவ்வளவு வெளிச்சமும் பரவாயில்லை. நேரடி வெயில் ஒரு லட்சம் லக்ஸ், அதாவது அந்தப் பிரதிக்கு அனுமதித்ததைப்போல 2000 மடங்கு. மேலும் ஒளியால் வரும் சேதம் சேர்ந்துகொண்டே போவது; 50 லக்ஸில் வருடம் 3000 மணி நேரம் என்றால் 1,50,000 லக்ஸ்-மணி. கூரைக் கண்ணாடி வழியாக நகரும் ஒரு வெயில் துண்டு அதே அளவை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடும்.

ஆகவே கண்ணாடிக் கூரை வேண்டுமென்றால் அது நுழைவுக் கூடத்துக்கும் விமானங்கள் தொங்கும் கூடத்துக்கும் மட்டும். அங்கிருந்து இருட்டுக் கூடத்துக்குப் போக 10, 15 மீட்டர் நீளத்துக்குப் படிப்படியாக வெளிச்சம் குறையும் வழி வேண்டும். கண் பழக நேரம் கொடுக்காவிட்டால், 50 லக்ஸ் கூடத்தை 'கரண்ட் போய்விட்டதா' என்று கேட்பார்கள். இருட்டறைக்குக் கதவு வைக்காதீர்கள். பள்ளிக் கூட்டம் வரும்போது அது மூடாது. கறுப்புச் சுவர் கொண்ட இரண்டு வளைவு நடைவழி போதும். வெளிச்சம் இரண்டு முறை சுவரில் மோதி இறந்துவிடும், சக்கர நாற்காலியும் தடையில்லாமல் போகும். வளைவில் 1.5 மீட்டர் விட்டத்துக்குத் திரும்ப இடம் வையுங்கள்.

அசல் பழம்பொருட்களுக்காகக் கூடம் முழுவதையும் ஈரப்பதக் கட்டுப்பாட்டில் வைப்பது வீண். ஒப்பு ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம், வெப்பம் 16 முதல் 25 டிகிரி என்ற பரந்த வரம்பையே பெரிய அருங்காட்சியகங்கள் இன்று பெரும்பாலான பொருட்களுக்கு ஏற்றுக்கொள்கின்றன. அதைவிட நுட்பம் கேட்கும் நான்கைந்து பொருட்களை சிலிக்கா ஜெல் தட்டுள்ள இறுக்கமான கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் முடிந்தது. பெட்டியின் தட்டைப் பொருளைத் தொடாமல் பின்பக்கமாக இழுக்க முடியவேண்டும்.

ஊசல் ஒன்றை மாட்டுவது எப்படி

ஃபூக்கோ ஊசல் இல்லாத அறிவியல் அருங்காட்சியகம் அரிது. 1851இல் லியோன் ஃபூக்கோ பாரிஸின் பாந்தியோனில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு பூமி சுழல்வதைக் காட்டினார். வரைபடத்தில் நுழைவுக் கூடத்தின் நடுவே ஒரு கோடு போட்டு 'ஊசல்' என்று எழுதுவது சுலபம். ஒழுங்காக ஆடுவதற்கு அந்தக் கோட்டைச் சுற்றி நிறைய வேலை இருக்கிறது.

ஊசல் ஆடும் திசை மணிக்கு எத்தனை டிகிரி திரும்பும் என்பது அட்சரேகையைப் பொறுத்தது: 15 டிகிரியை அட்சரேகையின் சைன் மதிப்பால் பெருக்கவேண்டும். 50 டிகிரி அட்சரேகையில் மணிக்கு 11.5 டிகிரி. 10 டிகிரியில் மணிக்கு வெறும் 2.6 டிகிரி. நிலநடுக்கோட்டில் பூஜ்ஜியம். ஒன்றரை மீட்டர் ஆரத்தில் குச்சிகளை நட்டு, குண்டு தட்டி விழுவதைக் காட்டுவது வழக்கம். 50 டிகிரியில் குண்டின் முனை மணிக்கு 30 சென்டிமீட்டர் நகரும். குச்சிகள் கண்முன்னே விழும். 10 டிகிரியில் ஏழு சென்டிமீட்டர்தான். குச்சிகளுக்கு இடையே பத்து சென்டிமீட்டர் விட்டால், அங்கே கால் மணி நேரம் நிற்பவர் எதையும் பார்க்காமலே போய்விடுவார். வெப்பமண்டலத்தில் குச்சிகளை ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக நெருக்கி நடுங்கள், அல்லது குச்சியை விட்டுவிட்டு மில்லிமீட்டர் அளவுகோலும் அதைப் பெரிதாக்கும் கேமரா திரையும் வையுங்கள்.

நீளம் அதிகமாக இருக்க ஆட்டம் மெதுவாகும், காற்றின் தடையும் ஒப்பளவில் குறையும். 10 மீட்டர் கம்பிக்கு ஓர் ஆட்டம் 6.3 விநாடி, 20 மீட்டருக்கு 9 விநாடி. பார்ப்பதற்கு 9 விநாடி கம்பீரம்; 6 விநாடி ஊஞ்சல். குண்டு 50 கிலோவுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

கெடுப்பது தொங்கும் புள்ளிதான். ஒரே ஓர் இரும்பு உத்திரத்தில் கொக்கி மாட்டினால், உத்திரம் நீளவாக்கில் விறைப்பாகவும் குறுக்குவாக்கில் நெகிழ்வாகவும் இருக்கும். ஊசல் நேர்க்கோட்டை விட்டு நீள்வட்டமாகச் சுற்றத் தொடங்கும். நீள்வட்டம் தன்பாட்டுக்குத் திரும்பும்; பூமியின் சுழற்சியோடு அது கலந்துவிடும். சில இடங்களில் ஊசல் தவறான திசையில்கூடத் திரும்புவது இதனால்தான். தடித்த இரும்புத் தகட்டைக் கான்கிரீட் தளத்தில் பதித்து, எல்லாத் திசையிலும் ஒரே விறைப்பு இருக்கும்படி தொங்கவிடவேண்டும். கம்பியின் மேல்முனைக்குச் சற்றுக் கீழே ஷரோன் வளையம் எனும் ஒரு வட்ட வளையம் வைத்தால், ஆட்டத்தின் ஒவ்வொரு முனையிலும் கம்பி அதில் உரசி, நீள்வட்டத்தை அடக்கும். ஆட்டத்தைத் தொடர்ந்து ஊட்டும் மின்காந்தம் மேலே இருந்தாலும் தரைக்குக் கீழே இருந்தாலும் அதற்குக் குழாயும் மின்சாரமும் கான்கிரீட் போடுவதற்கு முன்பே வேண்டும்.

ஏசியின் காற்று வாய் ஊசலின் பக்கம் திரும்பியிருக்கக்கூடாது. நுழைவுக் கதவு திறந்து மூடும் காற்றே போதும், ஆட்டத்தைச் சாய்க்க. கம்பி எப்போதும் பிடிப்பானுக்கு அருகில்தான் களைத்து அறும், அதனால் கால ஒழுங்கில் மாற்றவேண்டும். அதற்கு மேலே ஆள் நடக்கும் பலகைவழி இருக்கவேண்டும், இல்லையென்றால் 20 மீட்டர் சாரம். கம்பி அறுந்தால் குண்டு கூட்டத்துக்குள் போகாதபடி வேலி, ஆடும் எல்லையிலிருந்து ஒரு கை நீளத்துக்கு அப்பால்.

ஆபத்தான காட்சிகளுக்கான அறைகள்

திரவ நைட்ரஜன் செயல்விளக்கம் குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும், கட்டட வரைபடத்தில் அதற்கென எதுவும் இருக்காது. ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயு. 25 லிட்டர் பாத்திரம் 4 மீட்டருக்கு 5 மீட்டர், 3 மீட்டர் உயர அறையில் கவிழ்ந்தால், 60 கன மீட்டர் அறைக்குள் 17 கன மீட்டருக்கு மேல் நைட்ரஜன் நுழையும். 21 சதவீத ஆக்ஸிஜன் 15 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். நிறமும் வாடையும் கிடையாது; தலை சுற்றும்போது தாமதமாகிவிட்டிருக்கும். ஆகவே பாத்திரத்தை வெளியில், காற்றோட்டமான கூண்டில் வையுங்கள். மேடையும் கூண்டும் ஒரே தளத்தில் இருக்கட்டும். ஆள் கூடவே லிஃப்ட்டில் அதை ஏற்றிப் போவது கூடவே கூடாது. 19.5 சதவீதத்தில் அலறும் ஆக்ஸிஜன் அளவி, குளிர்ந்த வாயு கீழே படிவதால் தரைமட்டத்தில் உறிஞ்சும் காற்று வாய், இரண்டும் அவசியம்.

செயற்கை மின்னலைத் தெறிக்கவிடும் டெஸ்லா சுருள் வைக்கும் அறையைச் சுற்றிலும், மேலும் கீழும் உலோக வலையால் மூடி, அதற்குத் தனி எர்த்திங் கொடுக்கவேண்டும். சர்வர் அறையும் ஒலிக் கட்டுப்பாட்டு அறையும் அதற்குப் பக்கத்துச் சுவராக இருக்கக்கூடாது. இதயமுடுக்கியும் செவியுள் கருவியும் வைத்திருப்பவர்களுக்கான எச்சரிக்கைப் பலகை, அறைக்குள் நுழைந்த பிறகு கண்ணில் படுவது பிரயோஜனமில்லை. வரிசை தொடங்கும் இடத்தில் வையுங்கள்.

ஓடும் நீராவி யந்திரத்தைக் கொதிகலனோடு ஓட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். அழுத்தக் காற்றிலோ மறைத்து வைத்த மோட்டாரிலோ மெதுவாகச் சுழலவிட்டால் பொறிமுறை இன்னும் தெளிவாகவே தெரியும். அடித்தளம் கட்டடத் தளத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கட்டும், எண்ணெய் சொட்டும் தட்டு இருக்கட்டும்.

கோளரங்கத்தைப் பற்றி எழுதினால் அது தனிக் கட்டுரையாகிவிடும். இங்கே ஒன்றே ஒன்று: குவிமாடத்தின் திரைக்குப் பின்னால் ஆள் நடக்க ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள். ஒலிபெருக்கியும் காற்றுக்குழாயும் அங்கேதான் ஒளிந்திருக்கும். நுண்துளைத் திரை வழியாக ஒலி வரும். இடைவெளியை 40 சென்டிமீட்டராகச் சுருக்கிய இடங்களில் ஒரு ஒலிபெருக்கியை மாற்றவே திரையின் தகடுகளைக் கழற்றவேண்டி வருகிறது. திரும்பப் பூட்டும்போது சேரும் கோடு நட்சத்திர வானத்தில் கீறலாகத் தெரியும்.

300 பிள்ளைகள், அரை மணி நேரம்

வார நாட்களில் பள்ளிப் பேருந்துகள் எல்லாம் ஒரே அரை மணி நேரத்துக்குள் வந்து சேரும். ஆறு பேருந்து, 300 பிள்ளைகள். சராசரி வருகையைப் பார்த்து நுழைவுக் கூடத்தை வரைந்தால் அது வார நாள் காலையில் உடையும். பள்ளிக் குழுக்களுக்குத் தனி வாசல், ஆளுக்கு ஒரு சதுர மீட்டர், பை வைக்கும் சக்கரக் கூண்டுகள், டிக்கெட் வாயிலுக்கு முன்னாலேயே கழிப்பறை. இரண்டு மணி நேரப் பயணத்துக்குப் பிறகு இறங்குபவர்களின் முதல் தேவை அறிவியல் இல்லை. மதியம் அதே 300 பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் வேண்டும். அதையே மாலையில் விரிவுரைக்கும் பயன்படுத்தலாம்.

300 பேர் என்பது ஏசிக்கும் ஒரு எண். ஒருவர் சுமார் 100 வாட் சூடு வெளியிடுவார், ஆக 30 கிலோவாட் நடமாடும் ஹீட்டர். புதுக்காற்று ஆளுக்கு விநாடிக்கு 8 லிட்டர் என்றால் மணிக்கு 8,600 கன மீட்டருக்கு மேல். கார்பன் டையாக்சைடு அளவியைப் பார்த்து விசிறி கூடிக் குறைந்தால், கூட்டமில்லாத மதியங்களில் மின்சாரம் மிச்சம்.

காட்சி மேசையின் உயரம் 70 முதல் 75 சென்டிமீட்டர். கீழே முழங்கால் நுழைய இடம். ஐந்து வயதுக் குழந்தையின் கண் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு 1.1 முதல் 1.2, நிற்கும் பெரியவருக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல். பலகை எழுத்தை ஒன்றரை மீட்டரில் ஒட்டினால் அதைப் படிப்பது கூட வந்த அப்பா அம்மா மட்டும்தான். மாடிக் கைப்பிடிச் சுவரில் படுக்கைக் கம்பிகள் வேண்டாம், பிள்ளைகளுக்கு அது ஏணி. செங்குத்துக் கம்பிகளுக்கு இடையே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது.

கடைசி ஆறு மாதம்

பெரும்பாலான திட்டங்களில் காட்சி வடிவமைப்பாளர், கட்டடத்துக்குக் கான்கிரீட் போட்ட பிறகு வருகிறார். கல்யாணம் முடிந்த பிறகு பொருத்தம் பார்ப்பதுதான் இது. அவரை முதல் வரைபடத்திலேயே உட்கார வையுங்கள். உட்கார வைக்க முடியாவிட்டால் இந்தக் கட்டுரையில் உள்ள தரைப்பெட்டி, கொக்கி, வடிகால் எண்களையாவது பொதுவிதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி கொண்ட பொறுப்புப் பட்டியல் தயாரிக்கவேண்டும்: பீடம் யார், மின்சாரம் எதுவரை யார், குழாய் எதுவரை யார், கொக்கி யார், வலைத் தொடர்பு யார். வெற்றுக் கட்டம் ஒன்று இருந்தால், திறப்பு விழாவுக்கு முந்தைய வாரம் அந்த வேலை யாருடையது என்று சண்டை வரும்.

தூசி இன்னொரு எதிரி. தரையைத் தேய்க்கும் வேலை ஒரு கூடத்தில் நடக்கும்போது பக்கத்துக் கூடத்தில் கண்ணாடியும் லென்ஸும் ஏற்றினால், சிமென்ட் தூள் புரொஜெக்டருக்குள் புகுந்து முதல் வருடத்திலேயே அதைத் தீர்த்துவிடும். தூசி வேலை எல்லாம் முடிந்து, ஏசி இரண்டு வாரம் ஓடி, வடிகட்டியை ஒருமுறை மாற்றிய பிறகுதான் காட்சிகள் உள்ளே வரவேண்டும். அதற்குக் குறைந்தது மூன்று மாதம் ஒதுக்குங்கள். கட்டட வேலை தாமதமானால் முதலில் கடித்துத் தின்னப்படுவது இந்த மூன்று மாதம்தான், ஒப்பந்தத்திலேயே எழுதிப் பூட்டிவையுங்கள்.

ஸ்லாபுக்குக் கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்தைய நாள், கம்பியும் குழாயும் வெளியே தெரியும்போது, ஒவ்வொரு சதுரத்தையும் அளவு டேப்பை விரித்து வைத்துப் படம் எடுத்துச் சேமியுங்கள். மூன்று வருடம் கழித்து புதுக் காட்சிக்குப் பீடம் பதிக்க யாரோ ஒருவர் துளைபோடும் கருவியோடு நிற்பார். அவருக்குத் தேவை அந்தப் படம்தான்.